கல் லாரியை மறித்த ஊர்

12.9.2013

அன்பு மகன் சிஜோவுக்கு,

சகாய மாதாவின் தயவால் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க மன்றாடுகிறேன். கடல் ஏறினால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், அவர்கள் செய்வதால் கடல் மறுபடி என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன், ஊரில் நடப்பதை விவரமாக எழுதி அனுப்புங்கள் என்று போனில் கேட்டாய். ஜெர்மனிவரை போய்ப் படித்துவிட்டு என்னிடமா கேட்கிறாய் என்று அன்றைக்குச் சிரித்தேன், இப்போது எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது.

நம் கரையில் கல் போட்டுச் சுவர் கட்டியபின் ஆடிக் கடல் நம் வீடுகளை விட்டுவிட்டது, ஆனால் உன் தங்கை அபினா வாழ்க்கைப்பட்ட பக்கத்து ஊரில் புகுந்துவிட்டது. அவள் வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னைகள் போய், இப்போது அலை அடுக்களைப் படியில் அடிக்கிறது. அவர்களும் மனுக் கொடுத்து, கல் போட அனுமதி வாங்கினார்கள். லாரி நம் ஊர் ரோட்டில்தானே போக வேண்டும், நம் ஆட்கள் ரோட்டோரச் சிலுவைக் குருசடி முன்னால் மறித்துவிட்டார்கள். அங்கே கல் விழுந்தால் கடல் இங்கே திரும்பிவிடும் என்று பயம். முன்னால் நின்றது உன் அப்பா. வீட்டில் சோற்றுக்கு உப்புக் கேட்கக்கூட வாய் திறக்காத மனுஷன் அங்கே போய், "ஒரு கல்லு இந்த வழியா போவப்படாது" என்று கத்தியிருக்கிறார். சொந்த மகள் வீட்டைக் காக்கப் போகிற கல் என்று நான் சொன்னதற்கு, "ஏட்டி, நம்ம வீடு போச்சுன்னா அவ பேறுக்கு எங்க வருவா" என்று கேட்டார்.

அதோடு இரண்டு ஊருக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது. ஏழாம் மாதம் பலகாரம் கொண்டுபோய் அவளை அழைத்துவர வேண்டும், தலைப்பிரசவம் அல்லவா. முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டுவைத்துவிட்டு அவள் மாமியார் ஞானபாயிடம் போனில் கேட்டேன். நல்ல மனுஷிதான், அழுதுகொண்டே, "ஊரு விடாது மைனி, கல்லு வரட்டும், பிள்ளைய அனுப்புகேன்" என்றாள். பலகாரத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். கல் போனால் நம் வீட்டுக்குப் பயம், போகாவிட்டால் அவள் வீடு போகும். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை மக்கா.

நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. அபினாவுக்கு மறக்காமல் போன் செய், என்னிடம் அழாதவள் உன்னிடம் அழுவாள். ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. உன் கம்ப்யூட்டர் கணக்கு, ஐம்பது வருடம் கழித்துக் கரை எப்படி இருக்கும் என்று பார்க்கிற கணக்கு என்றாய். அவளுக்கு நவம்பரில் பேறு. எனக்கு நவம்பர் வரை சொன்னால் போதும்.

உன் அம்மா
வியாகுலம்மாள்