தாய்வீடு நாலு மாடி ஏறுகிறது

மர்பி டவுன்,
பெங்களூர்.
14-11-1999

அன்புள்ள சுனிதாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பா சுகம், தம்பி ரவி சுகம், நானும் சுகம், என் சுகம் மட்டும் எப்போதும்போல இரண்டு ஆள் அளவுக்கு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை. கால் வீங்குகிறது என்று போனில் சொன்னாயே, தொங்கவிட்டு உட்காராதே, தலையணை மேல் தூக்கி வை. உட்காருவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது பம்பாயில் எந்த டாக்டருக்கும் தெரியாது. ஊதுபத்தி கம்பெனி அக்கவுண்ட்ஸ் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்தே சம்பாதித்தவள் நான், சம்பளம் ஏறினதைவிட நான் ஏறினதுதான் அதிகம். இப்போதெல்லாம் நான் எழுந்தால் நாற்காலியும் பிரிய மனசில்லாமல் கூடவே எழுந்து வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன், திட்டாமல் படி. புரட்டாசியில் போன் பூத்திலிருந்து ஒன்பது கிலோ குறைஞ்சிட்டேன்டி என்று கத்தினேனே, தெருவே திரும்பிப் பார்த்ததே, அந்த ஒன்பது கிலோ திரும்பி வந்துவிட்டது. வந்தது என்ன, அது எங்கேயும் போகவே இல்லை. எல்லாம் எதனால் வந்தது என்று உனக்கே தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், ஆனால் டாக்டர் உன்னை ரயில் ஏறவே கூடாது என்றுவிட்டார். சரி, அப்போ தாய்வீடு ரயில் ஏறி வரட்டும், நானே ஒரு வீடு சைஸில்தானே இருக்கேன் என்றேன். அதற்கு உன் மாமியார், ரயில் ஏறிடுவீங்க சம்பந்தி, என் மகன் வீட்டு நாலு மாடியை யாரு ஏறுவா, நீங்க அங்கேயே இருங்க, நானே போய்ப் பார்த்துக்கறேன் என்று சொன்னார்கள். தப்பாகச் சொல்லவில்லை, பாவம். உன் புதுக் குடித்தனத்துக்கு வந்தபோது லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் இரண்டாவது மாடிப் படியிலேயே மூட்டையோடு நான் உட்கார்ந்துவிட்டதும், எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா என்னை அப்பளம் விற்க வந்தவள் என்று நினைத்து விலை கேட்டதும் அவர்கள் கண்ணால் பார்த்ததுதானே. ஆனாலும் என் மகள் வலியில் கத்தும்போது பக்கத்தில் நான் இல்லாமல் வேறு யாரோ கையைப் பிடிப்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்துக்கு எடை இல்லை, அது மட்டும் சுலபமாக ஏறிவிட்டது.

எடையைக் குறைத்தே தீருவது என்று அப்பாவோடு அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஏரி நல்ல ஏரிதான், சுற்றி முடிகிற இடத்தில் ஒருவன் சுடச்சுட இட்லி விற்கிறான், அதுதான் கெட்டது. ஆபீசுக்கு டப்பாவில் வெறும் கேரட்டும் வெள்ளரிக்காயும் கொண்டுபோனேன், பக்கத்து சீட்டுக்காரி என்ன மேடம் முயல் வளக்கிறீங்களா என்றாள். சனிக்கிழமை சனிக்கிழமை எங்கள் டிஸ்பாட்ச் தராசில், ஊதுபத்திப் பெட்டி எடைபோடுகிற அந்தப் பெரிய இரும்புத் தராசில், ஏறி நிற்பேன். எண்பத்துநாலு. அப்புறமும் எண்பத்துநாலு. திடீரென்று ஒரு சனிக்கிழமை எழுபத்தைந்து! அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன், உன் மாமியாருக்கும் செய்தேன், அவர்களும் அப்போ நீங்களே போயிட்டு வாங்க சம்பந்தி என்று மனசார விட்டுக்கொடுத்தார்கள். ஒன்பது கிலோ போனவள் ஒரு கேசரிபாத் தின்றால் என்ன என்று தின்றேன், அடுத்த நாளும் அதே நியாயத்தைச் சொல்லித் தின்றேன். அப்பா மட்டும் என்னைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து, ஒன்பது கிலோ எங்கிருந்துடி போச்சு, ஒரு பக்கமும் காலி இடம் தெரியலையே என்றார்.

ஆயுத பூஜைக்கு தராசைத் துடைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பொரி, கடலை எல்லாம் கொடுத்த பிறகு எல்லார் எதிரிலும் நான் மிடுக்காக ஏறினேன். எண்பத்துநாலு! ஒரு கை பொரிக்கு ஒன்பது கிலோவா என்று நான் சண்டைக்குப் போக, டிஸ்பாட்ச் சில்வெஸ்டர் தலையைச் சொறிகிறான். தசரா ஆர்டர் நெருக்கடியில் பெட்டிகளை ட்ராலியோடு அப்படியே தள்ளி நிறுத்தி எடை பார்த்தார்களாம், ஒவ்வொரு தடவையும் ட்ராலி எடையைக் கழித்துக்கொண்டிருக்க முடியாது என்று தராசிலேயே ஒன்பது கிலோ கழிவு வைத்துவிட்டார்களாம். பூஜைக்குத் துடைக்கும்போது அதை எடுத்துவிட்டானாம். மேடம், நீங்க ட்ராலி இல்லாம தனியா ஏறினீங்க, அதான் கம்மியா காட்டிருக்கு என்கிறான். பார்த்தாயா, ஒரு மாதமாக நான் இளைக்கவில்லை, என்னிடமிருந்து இல்லாத ட்ராலியைக் கழித்திருக்கிறார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது தேவைதான்.

உன் மாமியாரிடம் போய் இல்லை சம்பந்தி, நீங்களே போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்கும் போனில் சொல்லவில்லை. அதனால் தராசை விட்டுவிட்டு படியைப் பிடித்தேன். எங்கள் ஆபீசிலும் நாலு மாடி ஏறினால்தான் மொட்டைமாடி. காலையிலேயே என் சாப்பாட்டு டப்பாவை சில்வெஸ்டரிடம் கொடுத்து மேலே வைக்கச் சொல்லிவிடுவேன். ஏறினால் சோறு, ஏறாவிட்டால் பட்டினி, கேரட்டை நிறுத்திவிட்டேன், கேரட்டுக்காக யார் ஏறுவார்கள். முதல் நாள் மாடிக்கு மாடி உட்கார்ந்து நான் மேலே போனபோது மத்தவர்கள் கை கழுவிவிட்டுக் கீழே வந்துகொண்டிருந்தார்கள். பேக்கிங் தனக்கோடி நான் நிற்கிற இடத்துக்கெல்லாம் பம்பாய் ரயில் ஸ்டேஷன் பேர் வைத்துவிட்டாள். முதல் மாடி குண்டக்கல், இரண்டாவது சோலாப்பூர், மூன்றாவது புனா, மொட்டைமாடி பம்பாய். நான் குண்டக்கல்லில் மூச்சு வாங்கினால் கீழேயிருந்து டீ காப்பி டீ காப்பி என்று கூவுகிறாள், கழுதை. தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் சறுக்கல், அதிரசம் ஒன்றே ஒன்றுதான் தின்றேன், அதாவது வந்த ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்று.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சடசடவென்று மழை. மேலே என் டப்பா, உள்ளே புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், மூடி வேறு சரியாக மூடாது. ஓடினேன். ஓடினேன் என்று நானே எழுதுகிறேன், நம்பாவிட்டால் தனக்கோடியைக் கேள். டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நனைந்து நிற்கும்போதுதான் உறைத்தது, குண்டக்கல் எங்கே போச்சு, சோலாப்பூர் எங்கே போச்சு. சில்வெஸ்டர் வந்து, பம்பாய் பந்துபிட்ட்ரி மேடம், பம்பாய் வந்துட்டீங்க என்று கன்னடத்தில் பாதி தமிழில் பாதியாகக் கத்தினான். எனக்குக் கண்ணில் தண்ணி, மழைதான் என்று வைத்துக்கொள்.

சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியத்துக்கு எல்லாம் வாங்கிக் கிளறியாகிவிட்டது. குழந்தைக்குத் துணி வேண்டுமே என்று அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறேன், அவர் நல்ல வேட்டியும் ஒன்று அதில் போய்விட்டது, இன்னும் அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. நேற்று அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். சோலாப்பூரில் மட்டும் நின்றேன். இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன், மாப்பிள்ளையை தாதர் ஸ்டேஷனுக்கு வரச் சொல். ராத்திரியில் பால் குடி, மாடி இறங்காதே, பயப்படாதே. நல்லபடியாகப் பெற்று நீயும் குழந்தையும் நூறு வயசு இருக்கணும். ஒன்று மறக்காதே, உங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடிப் படி ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு வை. உன் மாமியார் வந்து பார்த்துக் கேட்டால் பையை இறக்கி வைக்க என்று சொல்.

இப்படிக்கு,
எடை குறையாத அன்புடன்,
உன் அம்மா
அம்புஜம்