ஆளில்லா வண்டியில் உன் அப்பா

லியோன்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கொராந்தான்,

நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் மோன்ட்ரியல் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தபால் வந்து சேர நாளாகும் என்று இதை ஈமெயிலில் அனுப்புகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேனே தவிர மனம் உட்காரவில்லை, இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஊரில் மறுபடியும் வேலைநிறுத்தம். பஸ் இல்லை, டிராம் இல்லை, ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுகிற டி லைன் மெட்ரோ மட்டும் ஓடுகிறது, ஊரே அதற்குள் அடைந்துகிடக்கிறது. நேற்று உன் அப்பா நுரையீரல் ஸ்கேன் முடிவு கேட்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "மெட்ரோ ஏ லைன்ல அத்தனை வருஷம் வண்டி ஓட்டினவன் நான், நம்ம பசங்க ஸ்டிரைக் பண்ற அன்னிக்கு அந்த ஆளில்லா டப்பால ஏறுவேனா, எனக்கு மானம் இல்லயா" என்று ஷூவைக் கழற்றிப் போட்டார். எதிர்வீட்டு மதாம் பெராஷோன் படிக்கட்டில் நின்றபடி, "முசியே, அந்த வண்டிக்கு ஸ்டிரைக் பண்ணத் தெரியல, அது அதோட தப்பா? பேசாம ஏறிப் போங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. ஆனாலும் ஷூவை மாட்டிக்கொண்டார்.

வேஸ் ஸ்டேஷனில் ஏறினோம். நெரிசலைப் பார்த்து, கதவோர மடக்கு இருக்கையில் இருந்தவர்கள் எல்லாரும் வழக்கப்படி எழுந்து இடம் விட்டார்கள், ஒரு பையன் மட்டும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். வேறு நாளாக இருந்தால் உன் அப்பா அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார், நேற்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முண்டியடித்து முன்னால் போய், சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கிற முன்கண்ணாடி ஓரம் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரி ஸ்டேஷனான கிரான்ஷ் பிளான்ஷில் இறங்கினேன், பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பினால் கதவு மூடிவிட்டது, அவர் உள்ளே. கூட்டத்தில் மாட்டிக்கொண்டார் போல, திரும்பி வருவார் என்று எதிர்ப் பக்கம் போய் நின்றேன். கடைசி ஸ்டேஷன் வரை போய் வந்தார். முன்கண்ணாடியில் முகம் தெரிந்தது, என்னைப் பார்த்தார், கதவு திறந்தது, இறங்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது ஸ்டிரைக் விஷயமே இல்லை. நானே ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். "கால் வரல ஓடீல்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்குக் கோபம்தான், கோபத்தைவிடப் பயம் அதிகம்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சமையலறையில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு, ஸ்டிரைக் நீடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், நீடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார் போலிருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார், வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கிளம்பி வா கண்ணா. செவ்வாயன்று நானும் அவரோடு இறங்காமல் இருந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். விமான நிலையத்தில் டிராமை நம்பி நிற்காதே, டாக்சி பிடித்து நேராக வீட்டுக்கு வா.

உன் அம்மா,
ஓடீல்