குதிகாலில் எடுத்த ரத்தம்

நர்ஸம்மா,

இன்று காலை மகளுக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தோம். பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றியதும் அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்கள் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள்தான் நினைவில் இருக்கின்றன.

ஊரடங்கில் பிறந்தவள் இவள். கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கை வேண்டுமென்று பிரசவமான மறுநாளே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறவிக் குறை ஏதும் உண்டா என்று பார்க்கப் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கவேண்டிய ரத்தத்தை எடுக்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்று எங்களுக்கும் தெரியாது. விடுபட்ட குழந்தைகளைத் தேடிக்கொண்டு, சிப்காட்டுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் தெருவுக்கு நீங்கள் ஸ்கூட்டியில் வந்தீர்கள். என் வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை.

"ஆஸ்பத்திரில இருந்து நேரா வந்துக்கினு இருக்கீங்க. கொழந்தைக்கு இன்னாவாச்சும் ஒட்டிக்கினா?"

"நான் உள்ள வரல நைனா. கொழந்த காலை மட்டும் இப்படி நீட்டச் சொல்லு."

கேட் கம்பிகளுக்கு நடுவே அவள் காலை நீட்டினேன். ஊசி குத்தியும் அவள் சரியாக அழவில்லை. நீங்கள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பஸ் ஓடாத அந்த நாட்களில், அவள் ரத்தத்தை ஊறவைத்த சோதனை அட்டையை நீங்களே திருவள்ளூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்குத் தைராய்டு சுரக்கவில்லை. டாக்டர் எழுதிய மாத்திரையோடு நீங்கள் மறுபடி வந்தபோது இவரே ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். அப்போதும் நீங்கள் உள்ளே வரவில்லை.

"பொடி பண்ணி தாய்ப்பால்ல கரைச்சுக் குடும்மா. ஒரு நாளும் உட்றாத. மூளை வளர்ற வயசு."

அடுத்த அலையில் நீங்களே போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக முகத்தைக்கூடக் காட்டவில்லை என்று உங்கள் மகள் போனில் அழுதாள். 

இன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் வள்ளூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மகனுக்கும் இதே குறை, இதே வயது. ஆனால் இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறான். தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்களாம். "அப்போ எங்க பக்கம் யாருமே வரலக்கா," என்றாள். அதற்குள் என் மகள் அவனோடு விளையாடப் போய்விட்டாள். என்னால் அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது எங்கள் பக்கம் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் போய், குதிகாலில் ரத்தம் எடுத்தார்களா என்று கேட்கிறேன். "இந்தம்மாவோட பேஜாரு" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். அலுப்பாக இருக்கிறது, நர்ஸம்மா. நீங்கள் இதை எப்படித்தான் தினமும் செய்தீர்களோ.

பின் தெருவில் நேற்று ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். வெயில் தாழ்ந்ததும் போக வேண்டும்.