குமரனின் படம் வராத காலை

ஆவணி, செவ்வாய்க்கிழமை

மகன் குமரன் கண்ணை மூடிய பிறகு அவனுடைய லப்டொப்பைத் தினமும் காலையில் ஒருதரம் திறப்பேன். பாஸ்வேர்ட் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதைக் கேட்கிற இடத்தில், கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி அவன் சிரிக்கிற படம் வரும். எனக்கு அது போதும்.

இன்று அந்தப் படம் வரவில்லை. வெறும் நீலமாக ஏதோ வந்து நின்றது.

"என்னடி செய்தனி? அண்ணையை அழிச்சுப்போட்டியோ?" என்று மகள் துஷியை ஏசினேன். படிப்புக்கு வேண்டுமென்று நேற்று அவள்தான் அதை எடுத்தவள்.

"இல்லையம்மா. வகுப்புக்கு வேறை ஒப்பரேட்டிங் சிஸ்டம் வேணுமெண்டு, பென்டிரைவிலை இருந்து அண்ணையின்ரைக்குப் பக்கத்திலை போட்டனான். அண்ணையின்ரை அப்பிடியே கிடக்கு."

"ஒரு பெட்டிக்குள்ளை எப்பிடியடி ரெண்டு?"

"நானும் அண்ணையும் ஒரு வீட்டிலைதானே இருந்தனாங்கள்?"

லப்டொப்பை நிறுத்தித் திரும்பவும் போட்டாள். திரையில் இரண்டு சிஸ்டத்தின் பெயரும் வந்தன, மேலே அவளுடையது, கீழே குமரனுடையது. கீழே போகிற பொத்தானை அமத்தி, என்டரைத் தட்டினாள். குமரன் வந்தான். பத்து செக்கனுக்குள் அமத்தாவிட்டால் அவளுடையது தானாகத் திறந்துவிடுமாம்.

"அண்ணையின்ரையை முதல் வைக்கட்டோ அம்மா?"

"வேண்டாம். உன்ரையே முதல் இருக்கட்டும்."

சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. குமரனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேனோ. நாளைக்குப் பத்து செக்கனுக்குள் என் கை அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்குமோ தெரியாது.