கடல் இல்லாத ஊரின் லாரி

மார்ச் 3, திங்கள், காலை 9.40

இந்த நாட்டிலுள்ள துறைமுகங்களின் எண்ணிக்கை: பூஜ்யம். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. நாலு பக்கமும் அடுத்தவன் நாடு. ஆப்பிரிக்காவைச் சுற்றி இவ்வளவு கடல் இருக்க, சட்டை தைத்து வாங்க இவர்களுக்கு இந்த இடம்தான் கிடைத்ததா?

இவர்கள் என்றால், எங்களிடம் சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி. எங்கள் சரக்கு எப்போதும் தாமதமாம். ஆர்டரில் பாதியை இங்கே கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். தரம் பார்ப்பது மட்டும் எங்கள் பொறுப்பாகவே இருக்குமாம். அதனால் வந்து பார்த்து எழுதுவதும் நாங்களே.

பெரியப்பாதான் எங்கள் முதலாளி. வழியனுப்பும்போதே சொல்லிவிட்டார்: "நல்லா சுத்திப் பாரு, சாப்பிடு. வந்து 'சரிப்படாது'ன்னு ஒரே வரி எழுதிடு. பாதி ஆர்டர் போச்சுன்னா ரெண்டாவது ஷெட்டைப் பூட்டணும்டா."

டெக்ஸ்டைல் எஞ்சினியரிங் படித்தது அந்த ஒரு வரிக்கா? இருந்தாலும் கடல் இல்லை. வேலை சுலபம்.

மார்ச் 4

தொழிற்சாலை மேனேஜர் தமிழ் பேசும் அக்கா. பல வருஷமாக இங்கேதான். தமிழைக் கேட்டதும் சந்தோஷப்பட்டேன், கொஞ்ச நேரம்.

"என்ன தம்பி, இத்தனை டேப்பு? இங்கயும் இஞ்சு அதே அளவுதான்."

காலர், கை, காஜா எல்லாம் அளந்தேன். குறை கிடைக்கவில்லை. எரிச்சல். கரண்ட் போனது. சந்தோஷமாகக் குறித்தேன். எழுதி முடிப்பதற்குள் ஜெனரேட்டர் ஓடிவிட்டது. குறித்ததை அடித்துவிட்டேன்.

மார்ச் 5

தையல் இன்றும் நன்றாகவே இருக்கிறது. சே.

மார்ச் 6, வியாழன்

மானம் போனது. சூட்கேஸும் போனது.

சரக்கு ஏற்ற வாரத்துக்கு ஒரே லாரி. வியாழன் இரண்டு மணிக்குக் கிளம்பி, எல்லை தாண்டி, அடுத்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போகிறது. எல்லைவரை நானும் போய்ச் சாலையைப் பார்த்து, அங்கே தங்கித் திரும்புவதாக ஏற்பாடு.

"ரெண்டுன்னா ரெண்டு தம்பி. டிரைவர் நிக்க மாட்டாரு."

"ஆய்வுக்கு வந்தவனே நான்தான்க்கா. நிப்பாரு."

சூட்கேஸை ஏற்றிவிட்டு, ஒரே ஒரு காலரை இன்னொரு தடவை அளக்க மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் புழுதிதான் நிற்கிறது. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை அந்த மனுஷன்!

அக்கா சிரிப்பை அடக்கவே இல்லை. "சூட்கேஸ் கரெக்டா ஏறிடுச்சு. நீங்கதான் ஏறல."

"அஞ்சு நிமிஷம் நின்னா என்னக்கா குடி முழுகிடும்?"

"எல்லையில கேட்டை மூடிடுவாங்க. கேட்டு போனா கப்பல் போச்சு, கப்பல் போனா ஆர்டர் போச்சு. சாவகாசமா தவற விட எங்களுக்கு என்ன, வாசல்லயா கடல் இருக்கு?"

சுருக்கென்றது. எங்கள் வாசலில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கு அரை மணி நேரப் பாதை. "இதோ இருக்கு, காலையில அனுப்பிக்கலாம்" என்பார் பெரியப்பா. லாரி நிற்கும், டிரைவர் தூங்குவார், கப்பல் போய்விடும். மாதாமாதம் இதே கூத்து.

மாற்றுச் சட்டை இல்லை. இவர்கள் தைத்ததையே போட்டிருக்கிறேன். அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அதுவும் கடுப்பு.

மார்ச் 8

எல்லையிலிருந்து வந்த ஒரு வேனில் சூட்கேஸ் திரும்பிவிட்டது. மடிப்புகூடக் கலையவில்லை.

'சரிப்படாது' என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். ரெண்டாவது ஷெட்டில் சின்ன அத்தையும் தைக்கிறாள். அவள் முகம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் பொய் எழுதினால் மட்டும் நம் லாரி கிளம்பிவிடுமா? என்னதான் செய்வது?

கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டேன், பெரியப்பாவுக்கும் ஒரு நகல்: தையல் நன்று. கடல் இல்லை, ஆனால் கப்பலைத் தவறவிடுவதில்லை. கொடுக்கலாம்.

மார்ச் 9

"உன்னை எதுக்குடா அனுப்பினேன்?"

"பாக்கத்தான் பெரியப்பா."

"வாயை மூடிக்கிட்டுப் பாக்க முடியாதா?"

"அவங்க லாரி நிக்க மாட்டேங்குது, நம்ம லாரி கிளம்ப மாட்டேங்குது. வித்தியாசம் அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டார்.

மார்ச் 17

ஊர் வந்தாயிற்று. கம்பெனியின் பதில்: இப்போதைக்குக் கால்வாசி ஆர்டர் அங்கே. நாங்கள் இன்னொரு கப்பலைத் தவறவிட்டால் பாதி. அதாவது, ரெண்டாவது ஷெட்.

பெரியப்பா புதுப் பூட்டு ஒன்று வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறார். என் கண்ணில் படவேண்டுமாம். "இனிமே லாரி உன் பாடு. அந்த ஊர் சட்டத்தை இங்கயும் போடு, பாக்கலாம்."

போட்டேன். வியாழன், சாயங்காலம் ஐந்து மணி.

மார்ச் 20, வியாழன்

ஐந்துக்கு லாரி கிளம்பியது. ரெண்டு அட்டைப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா பின்னாலேயே ஓடினார். "டேய், நில்லுடா! நான் முதலாளிடா!" நிற்கவில்லை. சரக்கை எண்ணும்போது டிரைவர் சீட்டில் வைத்த அவருடைய செல்போனும் லாரியோடு போய்விட்டது.

ராத்திரி அந்த செல்லுக்கே அடித்தேன். டிரைவர் எடுத்தார். "கப்பல்ல ஏத்தியாச்சு தம்பி. ஐயா செல்லு ஓயாம அடிக்குது, என்ன பண்ண?"

பெரியப்பா பக்கத்திலேயே நின்று கேட்டார். மேஜைப் பக்கம் போனார்.

நாளை செய்யவேண்டியது:

1. விட்டுப்போன ரெண்டு பெட்டியை அடுத்த லாரிக்கு முதலில் வைப்பது.
2. பெரியப்பா செல்லை வாங்கி வருவது.
3. சின்ன அத்தையிடம் ஷெட் ஓடும் என்று சொல்வது. இந்த மாதம் வரை.
4. மேஜைமேல் இருக்கும் பூட்டை எடுத்து ஒளித்துவைப்பது. (வேண்டாம். அவரே டிராயரில் போட்டுவிட்டார்.)