குடித்தவரே கட்டட்டும்

கொடிகாமம்
14-3-1937

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் கோலாலம்பூரில் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். இங்கே சுகமென்று எழுத வழியில்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் கை வரவில்லை.

தை மாதம் மீசாலையில் கலியாணவீடு முடிந்து வண்டிலில் திரும்பினோம். எதிரே வந்த கார் தாறுமாறாக ஓடி எங்கள்மேல் ஏறிவிட்டது. என் கணவரின் வலது காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மகள் குணலட்சுமிக்கு முறிந்த கை இன்னும் நிமிரவில்லை.

இருவரையும் ஏற்றச் சொல்லிக் கேட்க ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தேன். உள்ளே அண்ணியின் தம்பி இராசநாயகம். சாராய நாற்றம் முகத்தில் அடித்தது. "உங்களை ஆர் றோட்டிலை வரச் சொன்னது?" என்று கேட்டார், அண்ணை.

பொலிஸ் கோட்டில் நீதவான் போட்ட தெண்டத்தைக் கட்டிவிட்டு அதே காரில் போய்விட்டார். என் கணவர் இப்போது நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். பிறர் சொல்லி நீங்கள் அறியக்கூடாதென்று எழுதுகிறேன்.

தங்கை
பத்மாவதி

கோலாலம்பூர்
2-4-1937

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனாலும் வழக்கு வேண்டாம். அண்ணி சாப்பிடாமல் கிடக்கிறாள். "என்ரை தம்பியைக் கோட்டிலை ஏத்தினால் உங்கடை தங்கச்சியின்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" என்கிறாள்.

அவனுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அவன் குடித்திருந்தான் என்று சொல்லாமல் விட்டால் அவன் தகப்பனான மாமா ஒரு தொகை தருவாராம். என் குடும்பத்தையும் நினைத்துப் பார்.

அண்ணன்
பஞ்சலிங்கம்

கொடிகாமம்
21-11-1937

அன்புள்ள அண்ணைக்கு,

வாயை மூடத் தரும் காசு வேண்டாமென்று அப்போதே எழுதினேன். நீங்கள் பதில் போடவில்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்லவேண்டும்.

நான் சாட்சிக் கூண்டில் நின்றபோது அவர்களுடைய வக்கீல், "குடும்பப் பெண்ணுக்குச் சாராய மணம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோட்டில் சிரிப்பு.

"குடிச்சவருக்கு மணக்காது ஐயா. பக்கத்திலை நிண்ட எனக்கு மணந்தது. இல்லையெண்டால் அவரைச் சத்தியம் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கோ" என்றேன்.

இராசநாயகம் கூண்டில் ஏறினார். எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை. கடைசியில், "கொஞ்சந்தான் குடிச்சனான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நேற்றுத் தீர்ப்பு. நட்டஈடு முழுவதும் அவரே கட்டவேண்டும்.

பத்மாவதி

கோலாலம்பூர்
10-12-1937

தங்கச்சி,

நட்டஈட்டுத் தொகை முழுவதையும் தபாலில் மாற்றக்கூடிய காசுக்கட்டளையாக இதனுடன் வைத்திருக்கிறேன். இராசநாயகத்திடம் இனி ஒன்றும் கேட்காதே. என் வீட்டில் அடுப்பு எரியவேண்டும்.

பஞ்சலிங்கம்

கொடிகாமம்
28-12-1937

அன்புள்ள அண்ணைக்கு,

காசுக்கட்டளையைத் திருப்பி அனுப்புகிறேன். உங்களோடு எனக்குக் கோபமில்லை. நீங்கள் கட்டினால் இராசநாயகம் நாளைக்கும் குடித்துவிட்டுக் கார் ஓட்டுவார். அடுத்த வண்டிலில் யாருடைய பிள்ளை இருக்குமோ? கட்டுவதற்குக் காரை விற்கப் பார்க்கிறாராம். விற்கட்டும்.

இதற்காக நீங்கள் என்னை விட்டுவிட்டாலும் நான் மாறமாட்டேன். உங்கள் கடிதத்தை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஊன்றுகோலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"உன்ரை அண்ணர் நல்ல மனுசன். ஆனால் என்ரை காலை எடுத்தது கொண்ணரில்லை. திருப்பி அனுப்பு."

என்றும் உங்கள் தங்கை
பத்மாவதி