தையலுக்குக் கீழே

ஆகஸ்ட் 4, 1998, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மல்லேஸ்வரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. ஃபிளாஸ்கில் கஞ்சி, துவைத்த பனியன் இரண்டு.

இவருக்கு பைபாஸ் முடிந்து பன்னிரண்டாம் நாள். எட்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்றவர்கள்தான். ஜுரம் 101. நெஞ்சுத் தையலின் கீழ்ப்பக்கம் ஈரம். இருமினால் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். எனக்கே கேட்கிறது, ஸ்டெதாஸ்கோப் மாட்டியவனுக்குக் கேட்கவில்லையாம். "ஏனூ இல்லம்மா, எல்லாம் நார்மல்" என்கிறான் சின்ன டாக்டர். ஒன்றுமில்லையாம், நார்மலாம். மூஞ்சியைப் பார்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் என்னை வெளியே அனுப்பினார்கள். இவருடைய அண்ணன் மட்டும் உள்ளே. செக்ரடேரியட்டில் ரிடையர் ஆனவர், இன்னும் ஃபைலை இடுக்கிக்கொண்டுதான் நிற்பார். "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் டைம் ஆகுமாம். நீ போய் காபி குடி."

காபி குடித்தே எனக்கு அல்சர் வரும்.

ஆக. 5, புதன்

ஜுரம் அதே. பனியனில் மஞ்சள் கறை, நாற்றம்.

கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிப்போனேன். ஜுரம் ஏன்? அந்தச் சத்தம் என்ன? எப்போது வீட்டுக்கு? பெரிய டாக்டர் அறை வாசலில் மூன்று மணி நேரம். வந்தார், வாட்சைப் பார்த்தார். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, அண்ணன்கிட்ட பேசிட்டேன்." போய்விட்டார். கட்டியவள் நான், பதில் அண்ணனுக்கு.

அண்ணன் வேறு, "பெரிய டாக்டரைக் கேள்வி கேட்டா கோவிச்சுக்குவாரும்மா" என்கிறார். கோவிக்கட்டும்.

ஆக. 6, வியாழன்

102. லிஃப்ட் கதவில் கையை வைத்துப் பெரிய டாக்டரை நிறுத்தினேன். "என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். "உள்ளே சீழ் வெச்சிருக்கு. நெஞ்செலும்பு கூடலை. நாளைக்குக் காலையில மறுபடி திறந்து சுத்தம் பண்றோம். செவ்வாய்க்கிழமையே சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டோமே. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு வீட்டுலதானே கேட்டுக்கிட்டாங்க?"

அண்ணனைக் காரிடாரில் பிடித்தேன். "பொம்பளைங்க பயந்துடுவீங்கன்னுதான்மா..." கத்தினேன். வார்டே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பாவம், இவருக்கும் தெரியாதே என்று நினைத்தேன். நானாவது சொல்ல வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். சீழ், எலும்பு, நாளைக் காலை.

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும். உனக்குச் சொல்ல வேணாம்னு அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன்" என்றார்.

"ஏன்?"

"நீ இப்படிக் கத்துவேன்னுதான்."

நாளை நெஞ்சைத் திறக்கப்போகிற ஆளிடம் சண்டை போடவும் முடியவில்லை. பிழைத்து வரட்டும். வைத்துக்கொள்கிறேன்.